முஸ்கடே வைனைத் தேர்ந்தெடுத்து, குளிரவைத்து, உணவோடு பரிமாறுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பரிஸில் கடலுணவுக்குப் பேர்போன ஓர் உணவகத்தின் சமையலறையில் ஆறு ஆண்டுகள் பாத்திரமும் மட்டியும் கழுவிவிட்டு, பிறகு பரிமாறும் பக்கத்துக்கு மாறியவன் நான். அங்கே நாளாந்தம் அதிகம் திறக்கப்படும் வெள்ளை வைன் முஸ்கடே. என்னைப் போலவே பின்பக்கத்திலிருந்து முன்பக்கத்துக்கு வந்த தம்பிமார் பலருக்கு இதைக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். விலை உயர்ந்த போத்தல்களில் தடுமாறாதவர்கள்கூட இந்த எளிய போத்தலில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

தடுமாற்றத்தின் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். மூக்கை வைத்ததும் பழமணமும் பூமணமும் வரும் என்று எதிர்பார்க்கிறார்கள். வராதபோது வைன் மட்டமானது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். முஸ்கடே தனியே நின்று மணப்பதற்காகச் செய்யப்படும் வைன் அன்று. உப்பும் கொழுப்பும் உள்ள கடலுணவை ஒரு வாய் உண்டபின் நாவைக் கழுவி, அடுத்த வாய்க்கு ஆயத்தமாக்குவதே அதன் வேலை. ஆகையால் கீழேயுள்ள படிகள் உணவில் தொடங்கிப் போத்தலுக்கு வருகின்றன. போத்தலை வாங்கிவிட்டு உணவைத் தேடுபவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

தொடங்குமுன் சில பொருள்கள் கையில் இருக்க வேண்டும். வாய்ப்பக்கம் சற்றுக் குறுகிய, நடுத்தர அளவுள்ள வைன் கிளாஸ்கள், தக்கையைப் பிடுங்க, இரண்டு படியாக நெம்பும் வசதியுள்ள ஒரு மடக்குத் திருகாணி, போத்தலின் கழுத்துவரை ஆழமுள்ள ஒரு வாளி, நிறைய ஐஸ், ஒரு துவாய். சமையல் வெப்பமானி இருந்தால் முதல் சில தடவைகளுக்கு உதவும். கை பழகிய பின் அது தேவைப்படாது.

1. பெயரைச் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்

பிரெஞ்சு மொழியில் இந்தப் பெயரின் கடைசி எழுத்து ஒலிப்பதில்லை, ஆகவே முஸ்கடே. இதற்கு மிக நெருக்கமாக ஒலிப்பது முஸ்கா. அது மஸ்கட் வகைத் திராட்சையின் பெயர். அதிலிருந்து வரும் பல வைன்கள் பூமணம் வீசுபவை, சில தேன்போல் இனிப்பவை. மூன்றாவதாக, முஸ்கடெல் என்று வேறொரு திராட்சையும் உண்டு. மூன்றும் வேறு வேறு.

பரிமாறும் வேலைக்கு வந்த முதல் மாதத்தில் ஒரு மேசைக்குச் சிப்பித் தட்டோடு முஸ்கடே கேட்டார்கள். சனிக்கிழமை இரவு இரைச்சலில் எனக்கு முஸ்கா என்று கேட்டது. இனிப்பு மது வைக்கும் தட்டிலிருந்து ஒரு போத்தலை எடுத்துக்கொண்டு போய்த் திறந்தும்விட்டேன். பச்சைச் சிப்பியை விழுங்கிய பின் சர்க்கரைப்பாகு போன்ற வைனைக் குடித்த அந்த அம்மாவின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. அன்றிலிருந்து கேட்டதைத் திரும்பச் சொல்லாமல் நான் மேசையை விட்டு நகர்வதில்லை.

முஸ்கடே என்பது திராட்சையின் பெயரும் அன்று, ஊரின் பெயரும் அன்று. வைனின் பெயர் மட்டுமே. திராட்சையின் பெயர் மெலோன் து பூர்கோன். பூர்கோன் பகுதியிலிருந்து வந்து, லுவார் ஆறு அத்திலாந்திக் கடலில் கலக்கும் முன்பாக உள்ள நாந்த் நகரைச் சுற்றி நிலைகொண்ட கொடி அது. மரபணு ஆய்வின்படி ஷர்தொனே என்னும் பேர்பெற்ற வெள்ளை வைன் திராட்சையும் இதுவும் ஒரே பெற்றோரிலிருந்து வந்த உடன்பிறப்புகள். ஆயினும் ஷர்தொனேயின் பருமன், அதாவது வாயை நிறைக்கும் கனம், இதற்கு இல்லை. மணம் குறைந்த திராட்சை என்பதை இங்கேயே மனதில் வைத்துக்கொண்டால், பின்வரும் படிகள் ஏன் அப்படி இருக்கின்றன என்பது எளிதில் விளங்கும்.

2. கடைக்குப் போகுமுன் உணவை முடிவுசெய்யுங்கள்

இந்த ஒரு பெயருக்குள் இரண்டு விதமான வைன்கள் இருக்கின்றன. முதலாவது இளமையானது, மெலிந்தது, நாவில் மெல்லச் சுறுசுறுப்பது. பச்சைச் சிப்பி, வேகவைத்த மட்டி, பொரித்த சிறுமீன், எலுமிச்சை பிழிந்த இறால் ஆகியவற்றுக்கு ஏற்றது. இரண்டாவது நீண்டகாலம் தொட்டியில் வளர்ந்து பருமன் பெற்றது. வெண்ணெய்ச் சாறு ஊற்றிய மீனுக்கும், கிரீம் சேர்த்த உணவுக்கும், கோழிக்கும்கூடத் தாக்குப்பிடிக்கும்.

தட்டில் இருப்பது உப்பும் எலுமிச்சையுமா, வெண்ணெயும் கிரீமுமா என்று ஒரு கேள்வியைக் கேட்டால் போதும். முதலாவதற்கு இளைய போத்தல், இரண்டாவதற்கு வளர்ந்த போத்தல். விலை அதிகமானதை வாங்கினால் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று நினைப்பது பிழை. வளர்ந்த போத்தலைச் சிப்பியோடு வைத்தால் வைனின் பருமன் சிப்பியின் கடல்சுவையை மூடிவிடும். இரண்டுக்கும் செலவழித்த பணம் வீண்.

3. லேபிளை மேலிருந்து கீழாக அல்ல, இந்த வரிசையில் படியுங்கள்

முதலில் பகுதியின் பெயரைப் பாருங்கள். வெறுமனே முஸ்கடே என்று மட்டும் இருந்தால் அது அகன்ற எல்லைக்குள் எங்கிருந்தும் வந்திருக்கலாம். முஸ்கடே செவ்ர் எ மேன் என்று இருந்தால், நாந்துக்குத் தெற்கிலும் தென்கிழக்கிலும் செவ்ர், மேன் என்னும் இரு சிற்றாறுகள் ஓடும் பகுதியிலிருந்து வந்தது. 1936இலேயே சட்டப்படி எல்லை வகுக்கப்பட்ட இதுதான் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது. கோதோ து லா லுவார், கோத் து கிராந்லியு என்று வேறு இரண்டு துணைப் பகுதிகளும் உண்டு. எதை வாங்குவது என்று ஐயம் வந்தால் செவ்ர் எ மேன் வாங்குங்கள். விளைச்சல் அதிகம் என்பதால் தெரிவும் அதிகம்.

அடுத்து சூர் லீ என்ற இரு சொற்களைத் தேடுங்கள். வண்டலின் மேல் என்பது அதன் பொருள். நொதித்தல் முடிந்ததும் இறந்த ஈஸ்ட் தொட்டியின் அடியில் படிகிறது. மற்ற இடங்களில் வைனைப் பலமுறை வடித்து அதிலிருந்து பிரித்துவிடுவார்கள். இங்கே ஒரு குளிர்காலம் முழுவதும் அந்த வண்டலின் மேலேயே விட்டுவைத்து, அறுவடைக்கு அடுத்த ஆண்டு மார்ச் 1ஆம் தேதிக்கு முன்னால் போத்தலில் அடைக்கக் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். வைன் செய்யப்பட்ட அதே நிலவறையில்தான் அடைக்க வேண்டும் என்பதும் விதி.

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. வண்டல் மெல்லச் சிதையும்போது வைனுக்கு ஒரு வழவழப்பையும் பாண்மா போன்ற மெல்லிய வாசத்தையும் கொடுக்கிறது. மணம் குறைந்த திராட்சைக்கு இது பெரிய உதவி. இன்னொன்று, வைனை இடம் மாற்றாததால் நொதித்தலில் உண்டான கரியமில வாயுவில் சிறிதளவு உள்ளேயே தங்கிவிடுகிறது. திறந்தவுடன் நாக்கின் நுனியில் குத்துவது அதுதான். எளிய போத்தல் வாங்குவதானால் இந்த இரு சொற்கள் இல்லாததை எடுக்காதீர்கள் என்றே சொல்வேன். பிரான்ஸில் நல்ல சூர் லீ போத்தல் பெரும்பாலும் பத்து யூரோவை ஒட்டிய விலைக்குள் கிடைக்கும்.

மூன்றாவதாக ஊர்ப்பெயர் ஏதாவது பெரிதாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கிளிசோன், கோர்ழ், லு பலே ஆகிய மூன்று ஊர்களின் பெயரைத் தனித்துப் போட 2011இல் அனுமதி கிடைத்தது. கூலேன், ஷத்தோ-தெபோ உள்ளிட்ட வேறு பெயர்கள் பிறகு சேர்ந்தன. இவை ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டு, சிலவேளை அதற்கும் மேலாக வண்டலில் வைக்கப்படுபவை. வளர்ந்த போத்தல் என்று மேலே நான் சொன்னது இவற்றைத்தான். இங்கேதான் புதியவர்கள் வழுக்குவார்கள்: இந்த ஊர்ப்பெயர்ப் போத்தல்களில் பெரும்பாலும் சூர் லீ என்று எழுதியிருக்காது. அதனால் அவை வண்டலில் வைக்கப்படாதவை என்று நினைத்துவிடக் கூடாது. உண்மையில் எளிய போத்தலைவிடப் பலமடங்கு காலம் வைக்கப்பட்டவை.

ஊருக்கு ஊர் அடியிலுள்ள பாறையும் மாறுகிறது. கிளிசோனில் கருங்கல்; அங்கிருந்து வருவது சற்றுப் பழுத்த, அகலமான வைன். கோர்ழில் காப்ரோ என்னும் கரும்பச்சைத் தீப்பாறை. வைன் இறுக்கமானது, இளமையில் முகம் கொடுக்காதது. வெண்ணெய்ச் சாறுக்கு நான் கிளிசோனைத்தான் எடுப்பேன்.

4. ஆண்டைப் பார்த்து, இருப்பைச் சோதியுங்கள்

எளிய சூர் லீ போத்தலை அறுவடை ஆண்டிலிருந்து இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் குடித்துவிடுவது நல்லது. அதற்குப் பிறகு அது கெட்டுவிடும் என்றில்லை. ஆனால் நாக்கைக் குத்தும் சுறுசுறுப்புப் போய்விடும், சிப்பிக்கு அதுதான் தேவை. ஊர்ப்பெயர்ப் போத்தல்களை ஐந்து முதல் பத்து ஆண்டுகள்வரை தாராளமாக வைத்திருக்கலாம். 2018, 2022 போன்ற வெப்பமான ஆண்டுகளின் வைன் மென்மையாகவும், 2021 போன்ற குளிர்ந்த ஆண்டின் வைன் புளிப்புத் தூக்கலாகவும் இருக்கும்.

போத்தல் எங்கே நின்றது என்பதையும் கவனியுங்கள். கண்ணாடிச் சாளரத்தருகே வெயில்படும் தட்டில் நிற்பதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஒரு கடையில் பாதி விலைக்கு ஆறு போத்தல் வாங்கி, ஆறையும் சமையலுக்கு ஊற்றியவன் சொல்கிறேன். மணம் குறைந்த வைனில் வெயிலின் தீங்கை மறைக்க வேறெதுவும் இல்லை.

5. குளிரவைக்கும் நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

எளிய போத்தலுக்கு 8 முதல் 10 பாகை செல்சியஸ். ஊர்ப்பெயர்ப் போத்தலுக்கு 10 முதல் 12. இந்த இரண்டு பாகை வேறுபாடு வீண் நுணுக்கம் அன்று. குளிர் கூடக்கூட மணம் அடங்கிப் புளிப்பு முன்னால் வரும். இளைய வைனுக்கு அது பொருந்தும், இரண்டு ஆண்டு வண்டலில் கிடந்த வைனுக்கு அது அநியாயம்.

வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி 4 அல்லது 5 பாகையில் இருக்கும். அறை வெப்பத்திலுள்ள போத்தல் அதில் இறங்கிவர இரண்டரை மணி முதல் மூன்று மணி நேரம் எடுக்கும். விருந்தினர் ஏழு மணிக்கு வருவதானால் நான்கு மணிக்கே உள்ளே வையுங்கள். இரவு முழுவதும் உள்ளே கிடந்த போத்தலை அப்படியே திறந்து ஊற்றுவதுதான் வீடுகளில் நான் அதிகம் காணும் பிழை. ஐந்து பாகையில் இந்த வைன் எலுமிச்சை பிழிந்த தண்ணீர்போல இருக்கும். குடிப்பவர் அதையே அதன் இயல்பு என்று நினைத்துக்கொள்வார். வெளியே எடுத்துக் கால் மணி நேரம் மேசையில் வைத்துவிட்டுத் திறவுங்கள்.

அவசரமானால் வாளி. முதலில் வாளியின் பாதிவரை ஐஸ் போட்டு, பிறகு போத்தலின் தோள்வரை தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் இல்லாமல் ஐஸை மட்டும் குவித்துப் போத்தலைச் செருகுவது புதியவர்கள் எல்லோரும் செய்யும் வேலை. ஐஸ் கட்டிகளுக்கிடையே இருப்பது காற்று. காற்று வெப்பத்தை மெல்லத்தான் கடத்தும். தண்ணீர் போத்தலை எல்லாப் பக்கத்திலும் தொடுவதால் இருபது இருபத்தைந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். ஒரு கைப்பிடி உப்புப் போட்டால் இன்னும் விரைவு. உறைபெட்டியில் வைப்பதை நான் ஒருவருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. வைத்தவர் மறந்துவிடுவார், வைன் உறைந்து தக்கையைத் தள்ளிவிடும்.

6. திறந்து, மூன்று விடயங்களைச் சரிபாருங்கள்

போத்தலை ஆட்டாமல் எடுத்து, துவாயால் துடைத்து, வாய்வளையத்துக்குக் கீழே உறையை வெட்டுங்கள். மேலே வெட்டினால் ஊற்றும்போது வைன் உறையின் விளிம்பைத் தொட்டு வடியும். திருகாணியைத் தக்கையின் நடுவில் குத்தி, கடைசிச் சுற்று ஒன்று மிஞ்சும்வரை திருகி, முதற்படியில் பாதியும் இரண்டாம் படியில் மீதியும் நெம்புங்கள். திருகுமூடி போட்ட போத்தல்களும் இப்போது நிறைய வருகின்றன. அவற்றைத் தாழ்வாக நினைக்க வேண்டியதில்லை.

முதலாவது சோதனை, மணம். தக்கையை அல்ல, கிளாஸில் ஊற்றிய ஒரு மிடறை முகருங்கள். மழையில் நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை வந்தால் தக்கை வைனைக் கெடுத்துவிட்டது; மாற்றுவதைத் தவிர வழியில்லை. இந்த வைனில் இதைக் கண்டுபிடிப்பது சற்றுக் கடினம், ஏனெனில் மணம் குறைவாக இருப்பதே இயல்பு. ஐயம் வந்தால் கிளாஸை ஐந்து நிமிடம் வைத்துவிட்டு மீண்டும் முகருங்கள். நல்ல வைன் காற்றுப்பட்டால் திறந்துகொள்ளும். கெட்டதில் ஈர அட்டை இன்னும் தெளிவாகும்.

இரண்டாவது, குமிழ். கிளாஸின் சுவரில் சிறு குமிழ்கள் ஒட்டியிருந்தால் அது பழுது அன்று என்பது மூன்றாம் படியைப் படித்தவர்களுக்குத் தெரியும். மேசையில் இருப்பவருக்குத் தெரியாமல் இருக்கலாம். வைன் மீண்டும் நொதிக்கத் தொடங்கிவிட்டது என்று திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. ஊற்றும்போதே ஒரு வரியில் சொல்லிவிட்டால் போத்தல் திரும்பி வராது.

மூன்றாவது, அடியிலுள்ள படிகம். குளிரில் வைன் அமிலம் சிறு படிகங்களாக இறங்கிக் கண்ணாடித் துகள்போலத் தோன்றும். தீங்கற்றது. கடைசி இரண்டு விரற்கடை அளவைப் போத்தலிலேயே விட்டுவிட்டால் போதும்.

7. ஊற்றும் அளவு

கிளாஸின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். நிறைய ஊற்றினால் பாதி குடிக்குமுன் மீதி சூடாகிவிடும். குறைவாக ஊற்றிப் போத்தலை வாளிக்குத் திருப்பினால் ஒவ்வொரு தடவையும் குளிர்ந்தது கிடைக்கும். 75 சென்டிலிட்டர் போத்தலில் ஆறு பேருக்கு ஒவ்வொரு கிளாஸ் வரும்.

சவர்க்கார வாடையுள்ள கிளாஸ் எந்த வைனையும் கெடுக்கும். இதை முற்றாகக் கொன்றுவிடும். பரிமாறுமுன் வெந்நீரில் மட்டும் அலசித் துடையுங்கள்.

8. உணவு வருமுன் ஒரு மிடறு, வந்தபின் ஒரு மிடறு

புதியவர்களுக்கு நான் கொடுக்கும் பயிற்சி இது. முதலில் வெறும் வாயில் குடிக்கச் சொல்வேன். வெளிறிய நிறம், சிலவேளை பச்சைச் சாயல். பச்சை அப்பிள், எலுமிச்சைத் தோல், கொஞ்சம் பாண்மா, முடிவில் உப்புக்காற்றை நினைவூட்டும் ஒரு கசப்பு. அண்ணை, இதில் ஒன்றுமில்லையே என்பார்கள். சரி என்று சொல்லிவிட்டு, ஒரு சிப்பியையோ உப்பு வெண்ணெய் பூசிய ஒரு துண்டுப் பாணையோ தின்னச் சொல்லி, உடனே மீண்டும் குடிக்கச் சொல்வேன். உப்புப் பட்டதும் புளிப்பு மழுங்கி, அதன் பின்னால் இருந்த பழச்சுவை முன்னால் வருகிறது. வைன் மாறவில்லை, நாக்குத்தான் மாறியது. விருந்தினருக்கும் இதே காரணத்தால் உணவு வருமுன் முழுக் கிளாஸ் ஊற்றாதீர்கள்.

9. சிப்பியோடு பரிமாறும் முறை

பிரான்ஸில் சிப்பிகளை எண்ணிட்டு விற்கிறார்கள். எண் பெரிதானால் சிப்பி சிறிது. மூன்றாம் எண் நடுத்தரம், தொடங்குபவருக்கு ஏற்றது. நாந்துக்குத் தெற்கே பூர்ஞெஃப் விரிகுடாவிலும் நுவார்மூத்தியே தீவிலும் வளரும் சிப்பிகள் இந்தத் திராட்சைத் தோட்டங்களிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாதவை. கிடைத்தால் அவற்றையே வாங்குங்கள்.

குழிந்த பக்கம் கீழாக இருக்கும்படி, ஈரத்துணியால் மூடிக் குளிரான இடத்தில் வையுங்கள். தண்ணீரில் போடாதீர்கள், நன்னீர் அவற்றைக் கொன்றுவிடும். உண்பதற்குச் சற்றுமுன் திறந்து, உள்ளிருக்கும் முதல் நீரை ஊற்றிவிட்டுச் சில நிமிடம் பொறுங்கள். சிப்பி மீண்டும் நீர் விடும். முதல் நீர் வெறும் கடல்நீர். இரண்டாவதில்தான் சிப்பியின் சுவை இருக்கிறது, வைனோடு சேர்வதும் அதுதான்.

இனி முக்கியமான பிழைக்கு வருவோம். சிவப்பு வினாகிரியில் சின்ன வெங்காயம் அரிந்து போட்ட ஒரு கிண்ணத்தை எல்லா உணவகங்களும் சிப்பித் தட்டின் நடுவில் வைக்கின்றன. வைன் இல்லாதபோது அது நன்றாகவே இருக்கும். முஸ்கடேயோடு அதைத் தொட்டுக்கொண்டால் வினாகிரியின் புளிப்பு வைனின் புளிப்பை விழுங்கிவிடும். வைன் வெறும் தண்ணீர்போலத் தெரியும். எலுமிச்சையானால் இரண்டு துளி. வைன் இருக்கும் மேசையில் எலுமிச்சையின் வேலையை வைனே செய்துவிடும்.

10. மட்டி அவிக்கும்போது அதே வைனைப் பயன்படுத்துங்கள்

இரண்டு பேருக்கு ஒரு கிலோ கறுப்பு ஓட்டு மட்டி. ஓட்டைச் சுரண்டி, பக்கத்தில் தொங்கும் நாரைப் பிடுங்கி, உடைந்தவற்றையும், வாய் திறந்திருந்து தட்டியும் மூடாதவற்றையும் எறிந்துவிடுங்கள். அகன்ற பாத்திரத்தில் 30 கிராம் வெண்ணெயை உருக்கி, இரண்டு மூன்று சின்ன வெங்காயத்தைப் பொன்னிறமாகாமல் வதக்கி, 15 சென்டிலிட்டர் வைனை ஊற்றிக் கொதிக்கவிடுங்கள். ஒரு நிமிடம் கொதித்துச் சாராய வாடை போன பிறகே மட்டியைப் போட வேண்டும். முன்பே போட்டால் அந்த வாடை சதையில் ஏறிவிடும்.

மூடிவைத்துப் பெருந்தீயில் நான்கைந்து நிமிடம். இடையில் இரண்டு தடவை பாத்திரத்தைக் குலுக்குங்கள். எல்லாம் வாய் திறந்ததும் இறக்கி, நறுக்கிய பார்ஸ்லியைத் தூவுங்கள். திறக்காதவற்றை உண்ணக் கூடாது. உப்புப் போடாதீர்கள், மட்டியே போதிய உப்பை விட்டிருக்கும். சமையலுக்கென்று மலிவான வேறொரு வைனை ஊற்றிவிட்டு மேசையில் முஸ்கடே வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். 15 சென்டிலிட்டரில் என்ன மிச்சம் பிடிக்கப் போகிறோம்? தட்டிலும் கிளாஸிலும் ஒரே புளிப்பு இருந்தால்தான் இரண்டும் ஒன்றையொன்று தூக்கும்.

11. நாந்தின் வெண்ணெய்ச் சாறும் ஊர்ப்பெயர்ப் போத்தலும்

லுவார் ஆற்று மீனுக்கு நாந்த் பக்கத்தில் ஊற்றும் பேர்பெற்ற சாறு பேர் பிளான், அதாவது வெள்ளை வெண்ணெய். மிக நுண்ணியதாக அரிந்த நான்கு சின்ன வெங்காயம், 10 சென்டிலிட்டர் முஸ்கடே, 5 சென்டிலிட்டர் வெள்ளை வைன் வினாகிரி மூன்றையும் சிறுதீயில் வற்றவிட்டு, இரண்டு மேசைக்கரண்டி அளவே மிஞ்சும்போது நிறுத்துங்கள். முழுவதும் வற்றிவிட்டால் வெண்ணெய் பிடித்துக்கொள்ள ஈரம் இராது. அதிகம் மிஞ்சினால் சாறு தண்ணீராகும்.

பிறகு தீயை மிகக் குறைத்து, குளிர்சாதனப் பெட்டியிலிருந்து நேரே எடுத்த 200 கிராம் வெண்ணெயைத் துண்டு துண்டாகப் போட்டு, ஒன்று முக்கால்வாசி கரைந்ததும் அடுத்ததை இட்டு, விடாமல் அடித்துக்கொண்டே இருங்கள். வெண்ணெய் ஏன் குளிர்ந்திருக்க வேண்டும் என்றால், அது கரையும் வேகத்தை அடக்கிப் பாத்திரத்தின் சூட்டையும் இறக்கிவைக்கும். சாறு ஒருபோதும் கொதிக்கக் கூடாது. கொதித்தால் நெய் தனியே பிரிந்து மேலே மிதக்கும். பாத்திரத்தின் வெளிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துத் தாங்க முடிந்தால் சூடு சரி. என் முதல் மூன்று பேர் பிளானும் பிரிந்தன. மூன்று தடவையும் காரணம் அடுப்பை நம்பியதுதான்.

அவித்த நன்னீர் மீன் மேல் இதை ஊற்றி, 11 பாகையில் கிளிசோனையோ லு பலேயையோ ஊற்றுங்கள். வெண்ணெயின் கொழுப்பை எளிய சூர் லீயும் வெட்டும். ஆனால் ஒரு மிடறோடு களைத்துவிடும்.

12. சேராதவற்றை முன்கூட்டியே விலக்குங்கள்

நீலப் பூசணப் பாற்கட்டி, புகையிட்ட இறைச்சி, இனிப்புப் பண்டம், கடுகுச் சாறு ஆகிய நான்கும் இந்த வைனைத் தோற்கடிக்கும். இளம் ஆட்டுப்பாற் கட்டி நன்றாகச் சேரும்.

எங்கள் வீட்டுச் சாப்பாட்டோடு ஒத்துப்போகுமா என்று தமிழ் நண்பர்கள் கேட்பார்கள். மிளகாய்த்தூள் தூக்கிய யாழ்ப்பாணக் குழம்போடு வைக்காதீர்கள். உறைப்பின் முன் புளிப்பு எரிச்சலாக மாறும். தேசிக்காய் பிழிந்த மீன் சொதியோடு ஒரு ஞாயிறு நான் வைத்துப் பார்த்தேன். தேங்காய்ப்பாலின் கொழுப்பை வெண்ணெயின் கொழுப்பைப் போலவே அது கழுவிச் சென்றது. பச்சை மிளகாயை மட்டும் பாதியாகக் குறைத்திருந்தோம்.

13. மிச்சத்தை வைப்பது

தக்கையைத் திருப்பி இறுக்கி, போத்தலை நிமிர்த்தி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் எளிய போத்தல் இரண்டு நாள் தாங்கும். ஊர்ப்பெயர்ப் போத்தல் மூன்று நான்கு நாள் தாங்குவதோடு இரண்டாம் நாள் சிலவேளை மேலும் நன்றாக இருக்கும். காற்றை உறிஞ்சும் பம்பை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். காற்றோடு சேர்த்துக் கரைந்திருக்கும் வாயுவையும் அது இழுத்துவிடும், நாக்கைக் குத்தும் சுறுசுறுப்பு அதோடு போய்விடும். பாதிக்கும் குறைவாக மிஞ்சினால் ஒரு சிறிய போத்தலில் கழுத்துவரை நிரப்பி மூடுவதே மேல். மூன்றாம் நாளைக்குமேல் கிடந்த எளிய வைனை ஐஸ் அச்சில் ஊற்றி உறையவைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை மட்டி வாங்கும்போது ஐந்தாறு கட்டிகளைப் பாத்திரத்தில் போட்டால் போத்தல் திறக்க வேண்டியதில்லை.